தை மாதத்தில் ஒரே நாள்: நேலப்பட்டுக் கூடுகளும் பழவேற்காட்டு ஆலாக்களும் சாத்தியமா?

எளாவூர் செல்வி

வணக்கம். பொங்கல் கழிந்து வரும் ஒரு ஞாயிறு, கும்மிடிப்பூண்டியிலிருந்து எட்டுப் பேர் இரண்டு வண்டிகளில் ஆந்திர எல்லை தாண்டிப் பறவை பார்க்கப் போகிறோம். ஐந்து பேர் பிளஸ் ஒன் பிள்ளைகள். எல்லோரும் வேடந்தாங்கல் போய்வந்தவர்கள்தான், நாரைக்கும் கொக்குக்கும் வித்தியாசம் தெரியும். இந்தத் தடவை எத்தனை இனம் பார்த்தோம் என்ற பட்டியல் வேண்டாம். கூடு, அடைகாத்தல், குஞ்சு, இரையூட்டல் இவற்றை மட்டும் கவனித்து எழுதிவர வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

போட்டிருக்கும் திட்டம்: விடிந்ததும் சூலூர்பேட்டை – ஸ்ரீஹரிகோட்டா சாலையில் பூநாரை. பிறகு பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள பீமுனிவாரிபாளையத்தில் படகு எடுத்து, மணல் திட்டுகளில் ஆலா என்ற நீர்ப்பறவைகளின் கூடுகள். மதியத்துக்கு மேல் நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயத்தில் கூழைக்கடா (பெலிகன்). கையில் 8×42 பைனாகுலர் நான்கு, 20–60 ஸ்கோப் ஒன்று, 100–400 லென்ஸ் ஒன்று.

இந்த வரிசை சரியா? ஆலாத் திட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம்? நேலப்பட்டின் பார்வைக் கோபுரத்தில் நின்று கூடுகளை எண்ணுவதற்கு ஒழுங்கான முறை உண்டா?

தடா ஏரிக்கரை

செல்வி மேடம், வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். கூடுதான் நோக்கம் என்றால் முதல் வெளிச்சம் நேலப்பட்டுக்குப் போக வேண்டும். பூநாரை இங்கே கூடு கட்டுவதே இல்லை. அது கூட்டமாக முட்டையிடுவது குஜராத்தில், கட்ச் ரண் பக்கம். பழவேற்காட்டுக்கு இரை தேடி மட்டும்தான் வருகிறது. அதைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்.

நேலப்பட்டு 1976இல் சரணாலயமானது, மொத்தப் பரப்பு 458.92 ஹெக்டேர். இந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். பெரும்பகுதி புதர்க்காடு, கூடுகள் இருப்பது ஏரிக்குள் நிற்கும் செங்கடம்பு மரங்களில்தான். வேடந்தாங்கலிலும் இதே மரம் பார்த்திருப்பீர்கள். அடிமரம் மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் அழுகாது, கிளைகள் அகலமாக விரியும், மேல்பரப்பு கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும். கூழைக்கடா போன்ற கனமான பறவை இறங்கி ஏற அப்படி ஒரு மேடை தேவை. மரத்தடியில் தண்ணீர் நிற்கிறவரை நரி, காட்டுப்பூனை, நாய் எதுவும் கிட்ட வராது. தண்ணீர் வடிந்துவிட்டால் பறவைகள் பாதியில் கூட்டைக் கைவிடவும் செய்யும். அதனால் கிளம்புமுன் விசாரிக்க வேண்டியது "பறவை இருக்கிறதா" என்று அல்ல, "ஏரியில் தண்ணீர் எவ்வளவு" என்று. ஐப்பசி கார்த்திகை மழை ஒழுங்காகப் பெய்திருந்தால் தை மாதம் அருமையான நேரம்.

ஏன் அருமை என்றால், எல்லா ஜோடியும் ஒரே நாளில் முட்டையிடுவதில்லை. அக்டோபரில் வந்தவை முதலில் கட்டும், பின்னால் வந்தவை பின்னால் கட்டும். அடைகாப்பு சுமார் 30 நாள். குஞ்சு கூட்டைவிட்டு முழுதாகப் பிரிய அதற்கு மேல் மூன்று மாதத்துக்குக் குறையாது. அதனால் ஜனவரி பின்பாதியில் ஒரே மரத்தில் அடைகாக்கும் தாயும், வெள்ளைப் பஞ்சுக் குஞ்சும், பறக்கத் தயாராகும் இளசும் சேர்ந்து கிடைக்கும். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் அமையாது.

முட்டை கண்ணில் படாது, கூடு உங்கள் கண் மட்டத்துக்கு மேலேயோ இலைமறைவிலோ இருக்கும். பெரிய பறவை உட்கார்ந்திருக்கும் தோரணையை வைத்துத்தான் நிலையைச் சொல்ல வேண்டும். உடம்பு முழுதும் கூட்டில் பதிந்து, கழுத்தை முதுகில் மடக்கி, அரைமணி நேரம் அசையாமல் இருந்தால் முட்டை. பாதி எழும்பி உட்கார்ந்து, அடிக்கடி அலகைக் கூட்டுக்குள் விட்டு எடுத்தால் உள்ளே சின்னக் குஞ்சு. அது பொரிந்த புதிதில் மயிரில்லாமல் இளஞ்சிவப்பாக இருக்கும், ஸ்கோப்பிலும் சிரமம்தான். கூட்டு விளிம்பில் பெரியது நின்றுகொண்டு, உள்ளே வெள்ளையாகப் பஞ்சு உருண்டை தெரிந்தால் அடுத்த கட்டம். காவலுக்கு ஆளில்லாமல், பழுப்பு சாம்பல் நிறத்தில் இரண்டு மூன்று ஒன்றாக நின்றால் அவை வளர்ந்த குஞ்சுகள். இளசுக்கு மேல் அலகில் புள்ளி வரிசை இருக்காது; அது வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். சந்தேகம் வந்தால் அலகைத்தான் பார்க்க வேண்டும், உடம்பின் பருமனை நம்பக் கூடாது. நன்றாக வளர்ந்த குஞ்சு தாய் அளவுக்கே இருக்கும்.

இரையூட்டலில் குஞ்சு தன் தலையைத் தாயின் தொண்டைப் பைக்குள் கழுத்துவரை நுழைத்துவிடும். இரை கேட்கும் குஞ்சு சிறகை அடித்து, தலையை உதறி, வலிப்பு வந்ததுபோல் விழுந்து புரளுவதும் உண்டு. பிள்ளைகள் பயந்து "செத்துப் போகுது" என்பார்கள். அது கூழைக்கடா இனத்தின் வழக்கம், ஒன்றும் ஆகாது என்று முன்பே சொல்லிவையுங்கள்.

நத்தைக்குத்தி நாரையை விட்டுவிடாதீர்கள். பெரியதன் அலகு நடுவில் இடைவெளி விட்டிருக்கும், குஞ்சின் அலகு மூடியே இருக்கும். வேறு நாரையின் குஞ்சோ என்று குழம்ப வாய்ப்புண்டு. வெள்ளை அரிவாள் மூக்கன், சின்ன நீர்க்காகம், வக்கா மூன்றும் கீழ்க்கிளைகளிலும் இலைச்செறிவிலும் இருக்கும். வக்காவின் கூட்டைத் தேட நேரம் செலவழிக்க வேண்டாம், குஞ்சின் சத்தம் கேட்ட இடத்தில் பைனாகுலரை நிறுத்தினால் போதும்.

மணல்திட்டு

ஆலாக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நேராகவே சொல்லிவிடுவது நல்லது: தை மாதத்தில் அந்தத் திட்டுகளில் ஆலாக் கூடு ஒன்றும் இருக்காது. படகுக்குக் காசு கொடுத்து, நடக்காத ஒன்றைப் பார்க்கப் போக வேண்டாம்.

குளிர்காலத்தில் பழவேற்காடு ஏரியிலும் முகத்துவாரத்திலும் தெரியும் மீசை ஆலா, கேஸ்பியன் ஆலா, பழுப்புத்தலைக் கடற்காகம் இவையெல்லாம் வடக்கிலிருந்து வந்த விருந்தாளிகள். நூற்றுக்கணக்கில் மணலில் வயிறு பதிய உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அடைகாக்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். வெறும் ஓய்வுதான் என்று அடையாளம் காண்பது சுலபம். ஓய்வெடுக்கும் கூட்டம் முழுதும் காற்று வரும் திசையை நோக்கியே உட்கார்ந்திருக்கும். பல இனங்கள் நெருக்கமாகக் கலந்திருக்கும். ஒன்று எழுந்தால் அது இருந்த இடத்தில் வேறொன்று உட்காரும். வாயில் மீனோடு வந்து இறங்குவது அபூர்வம். கூடு இருந்தால் ஒவ்வொரு பறவைக்கும் சுற்றிலும் சொந்த இடம் இருக்கும், முகம் பல திசையில் இருக்கும், எழுந்து போனது அதே புள்ளிக்குத்தான் திரும்பும்.

நம் கரையில் மணலில் முட்டையிடுவது சின்ன ஆலா, கெண்டிஷ் உப்புக்கொத்தி போன்றவை. காலம் கோடை. வைகாசிக்கு முன்னும் பின்னுமாக, ஏரி வற்றித் திட்டுகள் வெளிப்படும்போது. சின்ன ஆலாவுக்கு அப்போது அலகு மஞ்சளாகி நுனி மட்டும் கறுப்பாக இருக்கும், நெற்றி வெள்ளை. கூடு என்று தனியாக ஒன்றும் கிடையாது. வயிற்றை அழுத்திச் சுழன்று மணலில் ஒரு குழி, பக்கத்தில் கிளிஞ்சல் துண்டுகள், அதில் இரண்டு மூன்று முட்டை. அடைகாப்பு மூன்று வாரம். குஞ்சு பொரிந்த ஓரிரு நாளில் குழியைவிட்டு நகர்ந்து அடப்பங்கொடி நிழலில் ஒளிந்துகொள்ளும்.

எவ்வளவு பக்கம் போகலாம் என்று கேட்டீர்கள். கோடையில் போனாலும் திட்டின் மேல் காலே வைக்கக் கூடாது என்பது என் பதில். காரணம் மணலின் சூடுதான். சித்திரை வெயிலில் மணலின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் தாய்ப்பறவை முட்டையின் மேல் உட்கார்வது நிழல் கொடுக்கத்தான். வயிற்றுச் சிறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையை ஈரப்படுத்துவதும் உண்டு. நாம் நின்று படம் எடுக்கும் சில நிமிடம் அது ஆகாயத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் முட்டைக்குள் கரு வெந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் முட்டை அப்படியேதான் இருக்கும், அதனால் தப்பு நடந்ததே நமக்குத் தெரியாது. இதற்கு மேல் காகம் வேறு. பறவை கூச்சலிட்டு எழும் இடத்தை அது தூரத்திலிருந்து குறித்துக்கொண்டு, நாம் போன பிறகு வந்து இறங்கும்.

தண்ணீரிலேயே படகை நிறுத்தி, 100 மீட்டருக்குக் குறையாமல் விலகி, காலை எட்டு மணிக்குள் அல்லது ஐந்து மணிக்கு மேல் பார்க்கலாம். தலைக்கு மேல் ஆலா வட்டமிட்டுக் கத்தினால், பாய்ந்து பாய்ந்து இறங்கினால், நீங்கள் ஏற்கெனவே எல்லைக்குள் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். தரையில் இருந்தால் வந்த காலடித் தடத்திலேயே மிதித்துத் திரும்ப வேண்டும், புதிய வழி தேடினால் முட்டையை மிதிப்பீர்கள். உப்புக்கொத்தி சிறகொடிந்ததுபோல் இழுத்து ஓடினாலும் அப்படித்தான். படத்துக்காகப் பின்னால் போகாமல் நின்று, திரும்பிவிட வேண்டும்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதன் விளக்கத்திலேயே பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும். பிள்ளைகளிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

எளாவூர் செல்வி

மிக்க நன்றி. அப்படியானால் ஆலா இந்த முறை வேண்டாம், கோடையில் தனியாகப் பார்க்கலாம். எந்தத் திட்டு என்று ஒரு குறிப்பு மட்டும் கொடுத்தால் அப்போது உதவும்.

மணல்திட்டு

பொதுவெளியில் இடம் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மணல் கூட்டின் இடம் ஒருமுறை பரவினால் அடுத்த வாரமே கேமராக்கள் வந்துவிடும். திட்டுகளும் நிலையாக இருப்பதில்லை, முகத்துவாரம் அடைபடுவதையும் திறப்பதையும் பொறுத்து வருடத்துக்கு வருடம் மாறும். கோடையில் வனத்துறையிடம் முன்பே கேட்டு, உள்ளூர் மீனவர் துணையோடு போவதுதான் சரியான வழி. மீனவர் பாடு வலை கட்டியிருக்கும் இடங்களில் படகைக் குறுக்கே விடச் சொல்லாதீர்கள். அவர்கள் முறைவைத்துத் தொழில் செய்யும் நீர் அது.

உண்மையான நடுக்கடல் பறவைகளின் கூட்டம் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் லட்சத்தீவின் பிட்டி என்ற சின்ன மணல் தீவைச் சொல்லுங்கள். கருமுதுகு ஆலாவும் பழுப்பு நாடி என்ற கடற்பறவையும் அங்கே முட்டையிடுகின்றன. ஒரு நாள் பயணமாகப் போகிற இடம் அல்ல, போகக் கூடாத இடமும்கூட. கேரளக் கரையோரம் ஆனி ஆடிப் புயல்காற்றில் ஒதுங்கும் கடற்பறவைகள் வேறு கதை. அவை கூடு கட்ட வந்தவை அல்ல, காற்று தள்ளிக்கொண்டு வந்தவை.

சூலூர்பேட்டை உள்ளான்

செல்வி அக்கா, வழி விஷயம் நான் சொல்றேன். கும்மிடிப்பூண்டியில அஞ்சு மணிக்குக் கிளம்புங்க. என்.எச். 16ல ஆரம்பாக்கம், தடா, சூலூர்பேட்டை தாண்டி வடக்கே சுமார் 20 கிலோமீட்டர்ல தொரவாரிசத்திரம். அங்க கிழக்கால திரும்பினா கொஞ்ச தூரத்துல நேலப்பட்டு. சுங்கச்சாவடி உண்டு, ஃபாஸ்டேக்ல பணம் இருக்கான்னு ரெண்டு வண்டியிலயும் பார்த்துக்கோங்க. விடியக்காலை பனிமூட்டம் இருக்கும், லாரி நிறைய ஓடும், நிதானமா வாங்க. ரயில்ல வர்றவங்க சூலூர்பேட்டை வரைக்கும் புறநகர் வண்டியில வந்து ஆட்டோ பேசிக்கலாம், ஆனா எட்டுப் பேருக்குக் கார்தான் தோது.

சாப்பாடு கையோட கொண்டு வாங்க, இல்லைன்னா பத்தரைக்கு நாயுடுபேட்டையோ சூலூர்பேட்டையோ வந்து சாப்பிடலாம். ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி. ஸ்ரீஹரிகோட்டா ரோட்டுல ஏரி நடுவுல நிழலே கிடையாது.

முக்கியமானது ஒண்ணு. ராக்கெட் ஏவுற தேதியைப் பார்த்துட்டு நாளை முடிவு பண்ணுங்க. அன்னைக்கு அந்த ரோட்டுல கெடுபிடி அதிகம், வண்டி நிறுத்த விட மாட்டாங்க. சாதாரண நாள்லயும் ரோட்டோட கிழக்குக் கோடியில இருக்கிற செக்போஸ்ட்டுக்கு அப்புறம் அனுமதி இல்லாம போக முடியாது. ட்ரோன் பத்தி யோசிக்கவே வேண்டாம், ஒரு பக்கம் சரணாலயம், இன்னொரு பக்கம் விண்வெளி மையம். பூநாரைத் திருவிழா பெரும்பாலும் ஜனவரியிலதான் வரும். அந்த நாள்ல நேலப்பட்டு கோபுரத்துல நிக்கவே இடம் இருக்காது, தேதி பார்த்து விலகிக்கோங்க.

ஊர்க்காரங்ககிட்ட கூழைக்கடான்னு கேட்டா புரியாது, கூடபாத்துன்னு கேளுங்க.

நெட்டைக்காலி

தடா அண்ணன் சொன்ன வரிசையில் எனக்குச் சின்ன மாற்றுக்கருத்து. காலையில் ஏரிச் சாலைதான் நல்லது. ஒன்பதரை பத்துக்கு மேல் சேற்றுப்பரப்பில் கானல் எழும்பிவிடும், ஸ்கோப்பில் பூநாரை நெளிநெளியாகத்தான் தெரியும். நேலப்பட்டில் கூடு எங்கேயும் ஓடிப்போகாது, மத்தியானம் போனாலும் இருக்கும்.

தடா ஏரிக்கரை

தம்பி, கானல் விஷயம் உண்மைதான். ஆனால் சாயங்காலம் மூன்றரைக்கு மேல் அது அடங்கிவிடும், சாலைக்கு அந்த நேரம் போதும். கூடு ஓடாது, சரி. கூட்டில் நடக்கிற வேலை ஓடிவிடும். வெயில் ஏறி வெப்பக்காற்று எழும்பத் தொடங்கியதும் கூழைக்கடாக்கள் வட்டமிட்டு உயரே போய்ப் பழவேற்காடு பக்கம் மீனுக்குப் போகும். அதற்கு முன் காலையில் காவல் மாறுதல், குச்சி கொண்டுவருதல், தலையாட்டல், எல்லாம் அடுத்தடுத்து நடக்கும். நடுப்பகலில் மரத்தில் சோம்பலாக நிற்கும் பறவைகளைத்தான் பார்ப்போம். பூநாரை மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு உங்கள் வரிசை சரி.

வெளிச்சத்தையும் யோசித்துப் பாருங்கள். சூலூர்பேட்டை – ஸ்ரீஹரிகோட்டா சாலை ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. தை மாதத்தில் சூரியன் நாள் முழுதும் தெற்கே சாய்ந்தே இருப்பதால், சாலையின் வடக்குப் பக்கத்துப் பறவைக்குத்தான் எப்போதும் முன்வெளிச்சம். காலையில் கிழக்கே போகும்போது கண்ணில் வெயில் அடிக்கும். சாயங்காலம் முதுகில் வெயிலோடு கிழக்கே மெதுவாகப் போய், செக்போஸ்ட்டுக்கு முன்பே திரும்பிவிடலாம். தெற்குப் பக்கம் நிழலுருவம்தான் கிடைக்கும். வண்டியைச் சாலையைவிட்டு முழுதாக இறக்கி நிறுத்துங்கள், அங்கே போக்குவரத்து வேகமானது.

நெட்டைக்காலி

ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. அப்படியானால் நடுப்பகலை வெதுருபட்டு கிராமத்துக்குக் கொடுக்கலாம். ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டும். உச்சிவெயிலில் பெரிய நாரை சிறகை விரித்துக் குஞ்சுக்குப் பந்தல் போட்டு நிற்பதை அந்த நேரத்தில்தான் பார்க்க முடியும். பறவைகள் மனிதருக்குப் பழகியவை என்றாலும், அது மக்கள் குடியிருக்கும் தெரு. மரத்தடியில் எச்சமும் அழுகிய மீனும் விழும், அந்த நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு மரத்தை வெட்டாமல் வைத்திருக்கிறவர்கள் அவர்கள். வீட்டு வாசலில் ஸ்கோப் நிறுத்துமுன் கேட்டுவிட்டு நிறுத்துங்கள், பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்காமல் இருக்கட்டும். மரத்துக்கு நேர் கீழே நிற்க வேண்டாம், குஞ்சு கக்கும்.

இப்படி ஊர்மக்கள் கையில் இருக்கும் கூடுகளை லேசாக நினைக்கக் கூடாது. மலையாளப் பறவையியலாளர் கே.கே. நீலகண்டன் 1940களில் ஆந்திராவின் கொல்லேறு ஏரிப் பக்கம் ஆரேடு என்ற ஊரில் மிகப் பெரிய கூழைக்கடாக் குடியிருப்பைப் பதிவு செய்தார். பனை மரங்களில் கூட கூடுகள் இருந்தன. பிற்பாடு அந்த இடமே காலியாகிவிட்டது. இன்று கொல்லேறில் ஆட்டபாக்கத்தில் மரம் போதாமல் இரும்புத் தாங்கிகள் நட்டு, அதன் மேல் கூழைக்கடா கூடு கட்டுகிறது. அதனால்தான் நேலப்பட்டில் இயற்கையாக நிற்கும் செங்கடம்பு இவ்வளவு முக்கியம்.

கணக்குப்பிள்ளை

எண்ணும் முறை பற்றி யாரும் சொல்லவில்லை, நான் எழுதுகிறேன்.

பறவையை எண்ணாதீர்கள், ஆளிருக்கும் கூட்டை எண்ணுங்கள். ஜோடியில் ஒன்று எப்போதும் வெளியில் மீன் பிடித்துக்கொண்டிருக்கும், எத்தனை வெளியே என்பது நேரத்துக்கு நேரம் மாறும். காலை ஏழு மணிக்கு எண்ணினால் ஒரு எண், பதினொரு மணிக்கு வேறு எண். கூடு அப்படி மாறாது. ஆளிருக்கும் கூடு என்றால், குச்சிகளால் ஆன மேடை தெரிய வேண்டும், அதில் பெரியது உட்கார்ந்தோ நின்றோ இருக்க வேண்டும், அல்லது குஞ்சு இருக்க வேண்டும். வெறும் கிளையில் நிற்கும் பறவை கணக்கில் வராது. பாதி கட்டிய கூட்டைத் தனியாக எழுதுங்கள், சேர்க்காதீர்கள்.

கோபுரத்திலிருந்து தெரியும் மரத்தொகுப்பை ஐந்தாறு பகுதியாகப் பிரியுங்கள். காய்ந்த கொம்பு, மரங்களுக்கிடையே உள்ள திறப்பு, தனியாக நிற்கும் மரம், இப்படி அசையாத அடையாளமாக எல்லை வையுங்கள். தண்ணீரில் நிற்கும் பறவையை எல்லையாக வைத்தால் அது நகர்ந்ததும் கணக்கு கெட்டுவிடும். நோட்டில் கோட்டோவியமாக வரைந்து அ, ஆ, இ என்று பெயர் போடுங்கள். ஒரு பகுதியை இரண்டு பேர் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்காமல் இடமிருந்து வலமாக எண்ண வேண்டும். இரண்டு எண்ணுக்கும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தப் பகுதியை மட்டும் திரும்ப எண்ணுங்கள். சராசரி போட்டு மழுப்ப வேண்டாம். வித்தியாசம் பெரும்பாலும் எல்லைக் கூட்டை இருவரும் சேர்த்துக்கொண்டதாலோ, நத்தைக்குத்தியின் கூட்டை ஒருவர் கூழைக்கடாக் கணக்கில் போட்டதாலோ வரும்.

ஸ்கோப்பை 25 அல்லது 30 மடங்கில் நிறுத்துங்கள். 60க்குத் திருப்பினால் படம் மங்கும், கோபுரத்தில் ஒருவர் கால் மாற்றினாலும் படம் ஆடும். மற்றவர்களை அந்த நேரம் அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். உங்கள் 100–400 லென்ஸில் பகுதி பகுதியாகப் படம் எடுத்து, மூன்றில் ஒரு பங்கு ஒன்றின் மேல் ஒன்று படியும்படி வைத்துக்கொண்டால், வீட்டில் கணினியில் ஒவ்வொரு கூட்டிலும் புள்ளி வைத்துச் சரிபார்க்கலாம். பின்வரிசை மரக்கூடுகள் முன்வரிசைக்குப் பின்னால் மறையும். அதனால் வருவது மொத்தமல்ல, 'கோபுரத்திலிருந்து தெரிந்தவை' என்று எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் நின்று அதே முறையில் எண்ணினால் ஒப்பிட்டுப் பார்க்கலாம், அதுதான் இதன் பயன்.

பறவைப் பட்டியல்களைப் பதிவிடும் ஈ-பேர்டு இணையதளத்தில் போடும்போது ஒவ்வொரு இனத்துக்கும் இனப்பெருக்கக் குறியீடு இருக்கிறது: குச்சி தூக்கிச் செல்லுதல், கூடு கட்டுதல், ஆளிருக்கும் கூடு, குஞ்சுள்ள கூடு, இரையூட்டல் என்று. கண்ணால் கண்டதில் மிக உறுதியானதைப் போடுங்கள். ஏரிச் சாலையில் பார்த்த பூநாரைக்கும் ஆலாவுக்கும் எந்தக் குறியீடும் போட வேண்டாம். நேலப்பட்டுக்கு ஒரு பட்டியல், வெதுருபட்டுக்கு ஒன்று, சாலைக்கு ஒன்று என்று பிரித்துப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் குவித்தால் எந்தப் பறவை எங்கே என்று பின்னால் யாருக்கும் தெரியாது.

எளாவூர் செல்வி

தெளிவாகிவிட்டது. காலை 6:30 முதல் 10 வரை நேலப்பட்டு, சாப்பாடு, 12 முதல் 1:30 வரை வெதுருபட்டு, 3:30 முதல் அந்தி வரை ஏரிச் சாலை. ஐந்து பிள்ளைகளில் இரண்டு ஜோடி எண்ணட்டும், ஒருவர் நேரம் குறிக்கட்டும். இன்னும் ஒரு சந்தேகம். மரத்திலிருந்து குஞ்சு விழுந்து கிடந்தாலோ, செத்த பறவை மிதந்தாலோ என்ன செய்வது? பிள்ளைகள் தூக்கப் பார்ப்பார்கள்.

தடா ஏரிக்கரை

தூக்கக் கூடாது, கிட்டவும் போக வேண்டாம். உயிரோடிருக்கும் குஞ்சு பல நேரம் தானே தாழ்ந்த கிளை பிடித்து ஏறிவிடும், சுற்றி ஆள் நின்றால் தாய் இறங்காது. செத்தது என்றால் நோயும் இருக்கலாம். ஸ்ரீகாகுளத்துத் தேலிநீலாபுரத்திலும் கர்நாடகத்தின் கொக்கரெ பெள்ளூரிலும் குடற்புழுத் தாக்குதலால் கூழைக்கடாக்கள் கொத்துக்கொத்தாக இறந்திருக்கின்றன. அதனால் ஒரு பறவை செத்திருந்தாலும் சரணாலய ஊழியரிடம் அன்றே சொல்லிவிட வேண்டும். தூரத்திலிருந்து ஒரு படம், எந்தப் பகுதி மரம் என்ற குறிப்பு, பார்த்த நேரம், பெரியதா குஞ்சா, அவ்வளவு போதும். கணக்குப்பிள்ளை சொன்ன கோட்டோவியத்திலேயே அந்த இடத்தைப் புள்ளி வைத்துக் காட்டலாம்.

சூலூர்பேட்டை உள்ளான்

அக்கா, ஏரிச் சாலையிலிருந்து திரும்பினதும் அன்னைக்கு ராத்திரியே ஸ்கோப், டிரைபாட் கால், லென்ஸ் வெளிப்பக்கம் எல்லாத்தையும் நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால துடைச்சிடுங்க. உப்புக்காத்து, டிரைபாட் திருகுதான் முதல்ல இறுகும். கண்ணாடியை மட்டும் துணியால தேய்க்காதீங்க, முதல்ல ஊதுபந்தால ஊதிட்டு அப்புறம் லென்ஸ் துணி. உப்புப் பொடியோட தேய்ச்சா கீறல் விழும்.